ஒன்றை அழுத்தினால் போதும்

தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் இருக்கிறது எங்கள் போன் கடை. அங்கே வாடகைக்குப் போன் எடுக்கும் ஜப்பானியர்களுக்கு நான் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவேன். "எந்தப் பிரச்சினை என்றாலும் ஒன்றை அழுத்துங்கள். உங்கள் மொழியில் நானே பேசுவேன். வேறு எண் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை." அழுத்தினால் என் சொந்தக் கைபேசி அடிக்கும். ஒரு ஜப்பானியக் கம்பெனி சைட்டில் ஆறு வருஷம் ஸ்டோர் பார்த்தபோது ஒட்டிக்கொண்ட மொழி அது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

இப்போது வயதானவர்கள்தான் வாடகைப் போன் கேட்டு வருகிறார்கள். எழுத்து பெரிதாகத் தெரியும் ஜப்பானிய மெனு வேண்டும், நாலு நாளைக்கு. திருப்பித் தரும் நாளில் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே வாசலில் நிற்பார்கள். போனைத் துடைத்து, வயரைச் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார்கள். ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூடப் பிந்தியதில்லை. இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

கடைச் சிம்கள் எல்லாம் என் ஐடியில் எடுத்தவை. முதலாளி எங்கள் ஊர்க்காரர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். அவர் கேட்டார், நான் ஐடியை நீட்டிவிட்டேன். பிறகுதான் பக்கத்துத் தெருக்காரரின் கதை தெரிந்தது. அவர் பேரில் இருந்த சிம்மை வைத்து எவனோ ஊரை ஏமாற்றிவிட்டான். கேஸ் இவர் மேல் விழுந்தது, நாட்டை விட்டுப் போகத் தடை. ஊரில் வாப்பா மவுத்தாகி, அடக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் ரூமிலேயே கிடந்தார். அன்றிலிருந்து கடை மூடும் முன் அந்தச் சிம்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பேன்.

அந்தப் பெரியவருக்கு எழுபது இருக்கும். தெற்கே உப்பு நிலத்தில் பறவைகளைப் படம் பிடிக்கத் தனியாக வந்திருந்தார். ஒன்றாம் எண் பாடத்தைக் கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். வியாழன் பகல் பன்னிரண்டுக்குத் தருகிறேன் என்றார்.

வியாழன் பன்னிரண்டாகியும் ஆளைக் காணோம். நான் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஹோட்டலில் கேட்டேன். விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை, பெட்டி அறையிலேயே இருக்கிறது என்றார்கள்.

"பொட்டிய உட்டுட்டு ஆளு மட்டும் போயிருக்கான்னா என்னமோ இருக்கு, தம்பி," என்றார் காக்கா.

"போலீஸ்ல சொல்லிருவமா காக்கா?"

"சிம்மு யாரு பேர்லன்னுதான் மொதல்ல கேப்பான். நீ லீவுல ஊருக்குப் போவணுமா வேணாமா? கட் பண்ணு. கலாஸ், முடிஞ்சுது."

ஒன்பது நாளில் எனக்கு லீவு. பிறந்து ஆறு மாதமான மகளை வீடியோவில் மட்டுமே பார்த்திருந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு லைனைத் துண்டித்தேன். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்து கடையைத் திறந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் கண்ணாடிப் பை, அதற்குள் எங்கள் கடை ஸ்டிக்கரோடு அந்தப் போன். மகளை இனிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

"ஜப்பானி மாலூம்?" என்று கேட்டார் அவர். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு ஆள். பெரியவரின் கார் உப்புச் சேற்றில் புதைந்துவிட்டது. காலையில் ஒட்டகம் மேய்க்கிறவர் பார்த்துத் தகவல் சொன்னதால் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் பேசுவது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

போனுக்கு அவர்களே சார்ஜ் போட்டிருந்தார்கள். வண்டியில் போகும்போது என்னிடம் காட்டினார்கள். வியாழன் பன்னிரண்டு ஐம்பத்தைந்திலிருந்து மாலை வரை அவர் கூப்பிட்டது ஒரே எண்ணைத்தான். திரையைத் தள்ளத் தள்ள என் எண்ணே வந்துகொண்டிருந்தது.

உதடெல்லாம் வெடித்துக் கிடந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து தலைகுனியப் பார்த்தார். நர்ஸ் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"போனைத் திருப்பித் தரப் பிந்திவிட்டது. மன்னிக்க வேண்டும்," என்றார்.

நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போனைக் காரில் மறந்துவிட்டு உதவி தேடி நடந்தேன். திரும்பி வந்தபோது நீங்கள் கூப்பிட்டிருப்பது தெரிந்தது. மிகவும் சந்தோஷப்பட்டேன். உடனே ஒன்றை அழுத்தினேன். ஏன் லைன் கிடைக்கவில்லை என்று தெரியவில்லை."

"அங்கே டவர் கிடையாது," என்றேன்.

அப்படியானால் நீங்கள் கூப்பிட்டது மட்டும் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பும் முன் பெரியவர் ஹோட்டல் பையன் மூலம் கடைக்கு ஒரு அட்டை அனுப்பினார், அழகான ஜப்பானியக் கையெழுத்தில். காக்கா அதைக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டினார்.

"என்ன தம்பி எழுதிருக்காரு?"

"நம்ம கடை நல்ல கடையாம், காக்கா."

அதில் எழுதியிருந்தது இதுதான்: பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வேறொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லீவுக்குப் போனேன். மகளைத் தூக்கினேன். திரும்பி வந்து அதே கவுன்டரில் நிற்கிறேன். அட்டையைப் படிக்கிறவர்கள் நிமிர்ந்து, அந்த வேறொரு எண் எது என்று கேட்கிறார்கள். லைன் இல்லாவிட்டாலும் போகும் போலீஸ் எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். சிம்கள் இன்னும் என் பேரில்தான் இருக்கின்றன. அடுத்தவர் பிந்தினால் என் விரல் எதை அழுத்தும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.