பௌர்ணமியன்று வந்து இறங்கியவள்

போன பௌர்ணமிக்கு என் அக்கா மகள் மலர் மெல்போர்னிலிருந்து வந்தாள். நாலு வருஷம் கழித்து...

சென்னைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாறணும். ஒரு ராத்திரி முழுக்க ஆகாயத்திலேயே போய்விடும். இதெல்லாம் செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னது நான். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. பௌர்ணமில எவளாவது ஊருக்கு வருவாளா?"

நியாயம்தான். அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். காதுகுத்து வைப்பதோ, கட்டில் வாங்குவதோ - திருவண்ணாமலைக்காரர்கள் முதலில் பார்ப்பது பௌர்ணமி எப்போ என்றுதான். இவளோ லீவு கிடைத்த தேதியில் டிக்கெட் போட்டுவிட்டாள்.

அக்காவுக்குக் கோபம்கூட இல்லை. பயம்.

"பௌர்ணமியே மறந்துபோச்சுன்னா என்னா அர்த்தம்? வெளியூர்க்காரி ஆயிட்டா. இனிமே வந்தாலும் விருந்தாளிதான்."

காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.  பேச்சை மாற்ற வேண்டுமே... "வடை மாவுல உப்பு பார்த்தியா?" என்று கேட்டுவைத்தேன்.

அக்கா வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. சாயங்காலம் மலர் பேசினாள், அவள் போனில் இந்த ஊர் சிம் இல்லையென்று யாரோ ஒருவர் போனிலிருந்து. பஸ் இதுக்கு மேல வராதாம், நடந்தே வந்துடறேன் என்றாள்.

டவுனிலிருந்து வடக்குப் பக்கமாக வந்தால் கிட்ட. அக்காவும் நானும் வாசலில் நின்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் போச்சு... இரண்டும் போச்சு. விமானம் எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறது என்று காட்டுகிற செல்போன், டவுனிலிருந்து நடந்து வருகிறவளைக் காட்டுமா? கடைசி நாலு மைலுக்குத்தான் கணக்கே கிடையாது.

"அம்மா..."

குரல் எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

கூட்டத்தோடு கூட்டமாகத் தெற்கே சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். வெறுங்கால். ஷூ இரண்டும் சூட்கேஸ் கைப்பிடியில் தொங்குகின்றன.

"ஏண்டி, கிட்டக்க வழி இருக்கும்போது இம்மாந்தூரமா சுத்துவாங்க?"

"அந்தப் பக்கமா வந்தா மலையை எதிர்ப்பக்கமா சுத்துன மாதிரி ஆயிடுமேம்மா. கையில பெட்டி இருக்குன்னா மட்டும் அப்படிச் சுத்தலாமா?"

அக்கா உள்ளே ஓடினாள். சொம்பை எடுத்துவந்து அவள் கால்மேல் தண்ணீர் ஊற்றினாள். கண்ணிலிருந்தும் ஊற்றிக்கொண்டிருந்தது.

சூட்கேஸைப் பார்த்து, நடந்துபோன ஓர் அம்மாள் நின்றார். "எந்த ஊர்லேர்ந்தும்மா வரீங்க?"

மலர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இதே ஊருதாங்க."