நரி நண்டுதான் தின்னும்

உலகத்தில் எல்லாரும் சோற்றுக்கு அரிசி களைவார்கள், நான் நரிப் பீ களைந்தேன். இது நான் சொன்னதில்லை, என் அக்கா சொன்னது. அதுவும் தெருக்குழாயில் நாலு பேர் குடத்தோடு நிற்கும்போது சத்தமாகச் சொன்னது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் வயது. "ஆராய்ச்சின்னா உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினேன். குடத்தோடு நின்றவர்கள் இன்னும் நன்றாகச் சிரித்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் ஆய்வுக்கூட உதவியாளன். அங்கே ஒரு பேராசிரியர், ஊருக்குத் தெற்கே உப்பளத்தைத் தாண்டிக் கிடந்த சதுப்பில் எந்த விலங்கு எங்கே குடியிருக்கிறது, என்ன தின்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் அவருடையது, பீ என்னுடையது. வாரத்தில் இரண்டு நாள் விடிந்ததும் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய், கரை கரையாக நடந்து, கிடந்ததைப் பொறுக்கிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவேன். சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் மண்ணும் நாற்றமும் போய், தின்றது மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியதை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். மீன் செதிளும் முள்ளுமாக இருந்தால் நீர்நாய். அது வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதரில் இருந்தது, தினமும் ஒரே மேட்டில்தான் வந்து கழிக்கும், மனிதர்களை விட ஒழுங்கு. எலி மயிரும் பொடி எலும்பும் என்றால் கோரைக்குள் பதுங்குகிற காட்டுப்பூனை. உடும்பு கரையோரப் பொந்துகளில் கிடந்தது. கொக்கு முட்டை, ஆமை முட்டை, வண்டு, செத்த மீன் என்று எதையும் விட்டுவைக்காது.

எனக்குப் பிடித்தது நரிதான். ஈச்சம்புதருக்கு அடியில் வளை தோண்டிக் குடும்பமாக வாழ்ந்தது. அதன் எச்சத்தில் நண்டு ஓடு, நண்டுக் கொடுக்கு, ஈச்சங்கொட்டை, இடையில் கொஞ்சம் எலி மயிர், மறுபடியும் நண்டு ஓடு. ஒரு கோடை முழுக்க அலசினேன். கோழி திருடுகிறது, ஆட்டுக்குட்டியை இழுக்கிறது என்று ஊரே கரித்துக்கொட்டிய பிராணி, சேற்றைக் கிளறி நண்டு தின்கிற ஏழை என்று கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரே தலைக்கனம். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அக்காவின் வீடு சதுப்பை ஒட்டிய தெருவில் இருந்தது. அக்கா வீட்டுக்காரர் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர், ஆள்குறைப்பில் வேலை போனவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வேலை போனபின் வாத்து வளர்த்தார். பகலெல்லாம் சதுப்பில் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் குரல் கொடுத்தால் வரிசையாக வீடு திரும்பும். மில்லிலிருந்து எப்போதோ கொண்டுவந்த நீல நூலை ஒவ்வொரு வாத்தின் காலிலும் அடையாளத்துக்கு முடிந்துவிட்டிருந்தார். அந்த முட்டையில்தான் வீடு ஓடியது.

இரண்டு வீடு தள்ளி, தெருவின் கடைசிக் கூரைவீடு மாமாவின் மில் கூட்டாளியுடையது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். அவர் சதுப்பில் நண்டு பிடித்து விற்றார். நான் அவரை அண்ணன் என்பேன். என் கையில் பொட்டலத்தைப் பார்த்தால் போதும், "இன்னா முசே, நரி இன்னிக்கு இன்னா துன்னுச்சாம்?" என்பார். பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதைச் சொல்லை எனக்கென்று கிண்டலுக்கு வைத்திருந்தார்.

"நண்டுதாண்ணே."

"அப்ப எம் பொழப்புல மண்ணப் போடறது அதுதானா?" என்று சிரிப்பார். அவர் கூடையில் வந்த நண்டு வாரத்தில் பாதி நாள் அக்கா வீட்டுக் குழம்பில் கொதித்தது.

ஐப்பசி மழையோடு வாத்து குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நரி வேலதான் மாப்ளே. கருவாட்டுல மருந்து தடவி வெச்சிரலாம்னு பாக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நரி வலம் போனா இன்னா, இடம் போனா இன்னா, மேல வுழுந்து புடுங்காம இருந்தா சரி" என்று பழமொழியை எடுத்துவிட்டேன்.

"அதான் புடுங்குதேடா!" என்றாள் அக்கா.

"ஒரு கோடை பூரா அலசிப் பாத்திருக்கேன் மாமா. ஒரு எறகு வரல. நரி நண்டுதான் தின்னும். எழுதிக் குடுக்கட்டுமா?"

மாமா அதிகம் படிக்காதவர். கல்லூரியில் தரை துடைப்பவன் சொன்னாலும் அவருக்கு அது கல்லூரி சொன்ன மாதிரி. தெருப் பக்கம் திரும்பி, "அப்ப ரெண்டு கால் நரிதான்" என்றார். அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. நரிக்கு மருந்து வைக்கவில்லை என்ற சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த வாரம் கடைசி வீட்டின் பின்னால் வாத்து இறகு கிடந்ததை மாமா பார்த்தார். சதுப்புக்கு ஒட்டிய வீடு, எந்த இறகும் அங்கேதான் ஒதுங்கும். ஆனால் சந்தேகத்துக்கு அதெல்லாம் தெரியாது. "நண்டு புடிக்கப் போறவன் கூடையில இன்னா வருதுன்னு யாரு கண்டா?" என்று தெருவில் நின்று சொன்னார். அது அண்ணன் காதுக்குப் போய், நானும் அங்கே இருந்த ஒரு சாயங்காலம் அவர் நேராக மாமா வாசலில் வந்து நின்றார்.

"நானாடா எடுத்தேன்?"

"நரி இல்லன்னு படிச்ச புள்ள சொல்றான். வேற யாரு?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் அணைத்துப் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது என்பார்கள்.

வியாழக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரத்தில், ஈச்சம்புதர் மேட்டில் கிடந்ததைப் பொறுக்கிவந்து அலசினேன். நண்டு ஓடு ஒன்றுகூட இல்லை. இறகுத் தண்டுகள் மிதந்தன. அடியில், சவ்வு ஒட்டிய ஒரு கால் துண்டு. அதோடு நீல நூல் முடிச்சு.

என் மடத்தனம் அப்போதுதான் உறைத்தது. மழையில் சதுப்பு நிரம்பினால் நண்டு வளைகள் முழுகிப்போகும், ஈச்சம்பழம் கோடையோடு தீர்ந்துபோகும். பசிக்கிற நரி என்ன செய்யும்? கோடையில் அலசிய நான், மழைக்காலத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று போய்ச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் சொல்லியிருக்கலாம். கோயில் வாசலில், தட்டில் கற்பூரம் ஏற்றும்போதாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் நனைந்த வேட்டியோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி நின்றார், வாயைத் திறந்து யாரோடும் அதிகம் பேசாத அம்மாள். "அவன் வாத்த நான் தொட்டிருந்தா எங் குடும்பம் வெளங்காமப் போவட்டும்" என்று சொல்லி அண்ணன் உள்ளங்கையால் சுடரை அழுத்தினார். கூட்டத்தில் நானும் நின்றேன். சட்டைப் பையில் சாட்சி இருந்தது.

நரியைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். குழாயடியில் அக்கா சிரிப்பாள், மாமா இனிமேல் என்னைப் படிச்ச பிள்ளை என்று சொல்ல மாட்டார். அவ்வளவுதான் காரணம். எனக்கு அது அவமானமாக இருந்தது.

"கற்பூரம் அணைக்கிறவன் ஆயிரம் பேரு" என்றார் மாமா, திரும்பி வரும் வழியில். மறுநாளே மிச்ச வாத்துகளை ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். வாத்து இல்லை, ஆகவே களவும் இல்லை. அண்ணன் சத்தியம் செய்தபின் களவு நின்றுவிட்டது என்று தெரு அதையே அவருக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்டது. அவர் கூடையை இறக்கினால் யாரும் நண்டு வாங்கவில்லை. அவர் மனைவி குழாய்க்கு வந்தால் மற்ற குடங்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டன. மார்கழி பிறப்பதற்குள் அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சேதராப்பட்டுப் பக்கம் போனார்கள். மாமா வாசலுக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

பேராசிரியரின் பட்டியலில் நரிக்கு நேரே நண்டு, ஈச்சம்பழம், எலி என்று மட்டும் இருந்தது. நான் வாத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. எண்பதுகளில் ஊர்க் குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பின் ஒரு பக்கம் மேடாகிவிட்டது. முதலில் நீர்நாய் போயிற்று, பிறகு நரியின் ஊளையும் கேட்காமல் போயிற்று.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த நீல நூல் முடிச்சைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். "இப்ப எதுக்கு மாப்ளே?" என்றார். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அண்ணனிடம் சொல்லத் தைரியம் வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கேட்டுக்கு அருகில் முக்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் அலசியது, கண்டது, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?" என்றார். "நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே."

லாரி ஒன்று வந்தது. எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கோயில்லேர்ந்து வூட்டுக்கு வந்ததும் கதவ சாத்திட்டு எம் பொண்டாட்டி கேட்டா, நெசமாவே நீ எடுக்கலதானேன்னு. எனக்கு ரோசம் வந்துடிச்சி, பதிலே சொல்லல. அதுக்கப்புறம் அவளும் கேக்கல. போன தை மாசம் செத்துப்போனா. அவகிட்டத்தான் தம்பி நீ சொல்லியிருக்கணும்."