ஹாஃபிஸா மிஸ் தூக்கிப் போட்ட நாற்காலி

ஹாஃபிஸாவை ஒரு கட்சியில் சேர்க்க அவளுடைய முக்காடு ஒன்றே போதும் என்று திண்டுக்கல்லில் சிலர் நினைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு. அவள் பேகம்பூரில் கறிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பாரின் மகள், விலங்கியல் படித்தவள், ஊருக்குள் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். ஐந்து வேளையும் தொழுவாள். யாராவது வம்புக்கு இழுத்தால் சும்மா விடமாட்டாள். இதெல்லாம் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

விலங்கியலை அவள் கல்லூரிக்குப் போய்த் தொடங்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் அத்தாவுக்கு ஆட்டுக்கால் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. தீயில் வாட்டி, முடியைச் சுரண்டி, சூடு ஆறுவதற்குள் குளம்பைத் தட்டிக் கழற்ற வேண்டும். பெரிய குளம்புகள் இரண்டும் கழன்ற பிறகும் பின்பக்கம், தரையைத் தொடாத உயரத்தில், இரண்டு குட்டிக் குளம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடக்க உதவாத இது எதற்கு என்று கேட்டால் அத்தா, "இருக்கு, அம்புட்டுத்தான். கையச் சுட்டுக்காம எடு" என்பார். பதில் கல்லூரியில்தான் கிடைத்தது. ஆட்டின் பழைய முன்னோர்கள் ஒவ்வொரு காலிலும் நாலு விரலை ஊன்றி நடந்தவை. போகப்போக இரண்டு விரல் பெருத்தது, இரண்டு விரல் சுருங்கி மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சந்தோஷத்தோடுதான் வருஷா வருஷம் பரிணாமப் பாடத்தை நடத்துவாள். போன டிசம்பரில், அகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஜீவிதா என்ற மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "மிஸ், இத நீங்க நெசமாவே நம்புறீங்களா, இல்ல பரீட்சைக்காக நடத்துறீங்களா?" கேட்கும்போது அவள் பார்வை மிஸ்ஸின் முக்காட்டில் இருந்தது. நம்புகிறேன் என்றாள் ஹாஃபிஸா. வகுப்பு அவளை நம்பவில்லை என்பது நாற்பது முகங்களிலும் தெரிந்தது. அது அவளுக்கு வலித்தது.

அது ஆறுவதற்குள் ஆண்டு விழா வந்தது. ஆசிரியர்கள் பேசும் பட்டிமன்றம்: 'உயிர்கள் தோன்றியது படைப்பாலா, பரிணாமத்தாலா?' ஒருநாள் காலை பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படைப்பு அணியில் ஹாஃபிஸாவின் படம். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிணாம அணிக்குத் தலைவர், இயற்பியல் நடத்தும் பாண்டியராஜ். அவர் வருஷம் தவறாமல் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போகிறவர். அதைப் பார்த்து அவரை யாரும் எந்த அணியிலும் தள்ளவில்லை.

தாளாளர் ஆனந்த்ராஜிடம் போய், அணியை மாற்றுங்கள் என்று நின்றாள். அவர் நல்ல மனிதர்தான், வம்பு என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பார். பேருக்கு நாலு வார்த்தை பேசுங்கள், ஒரு விழாதானே என்றார். வரும் ஜூனில் பிளஸ் டூ வகுப்பை அவளுக்குத் தர இருப்பதையும் நினைவூட்டினார். ஆறு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு அது. ஆனால் மேடையேறிப் பாடத்துக்கு எதிராகப் பேசிவிட்டு, மறுபடி ஜீவிதாவின் முன்னால் சாக்பீஸோடு எப்படி நிற்பது?

வீட்டில், தெருவில் தலைகாட்ட முடியாதபடி செய்துவிடாதே என்று அம்மா காதர் பீவி புலம்பினாள். விழா நாளன்று அத்தா கடையிலிருந்து, வாட்டிச் சுரண்டிய ஆட்டு முன்னங்கால் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, அவள் ஸ்கூட்டியில் மாட்டிவிட்டுப் போனார்.

நடுவராக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் சோலைமுத்து. படைப்பு அணிக்காகப் பேச அவர் அழைத்ததும் ஹாஃபிஸா எழுந்தாள். நேரே மைக்குக்குப் போகவில்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையைக் குறுக்கே கடந்து, பாண்டியராஜுக்குப் பக்கத்தில் போட்டாள். கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயுமே அம்மா என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது.

"நான் எந்தக் கட்சியிலயும் பேரு குடுக்கல சார். என் முக்காட்டப் பாத்து நீங்களா எழுதிக்கிட்டீங்க."

சிரிப்பு நின்றது. பையிலிருந்து ஆட்டுக்காலை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"பாண்டியராஜ் சார் பழனிக்கு நடந்து போயிட்டு வந்து பரிணாமம் பேசலாம். நான் தொழுதுட்டு வந்து பேசக்கூடாதா? இந்தா இருக்கு, தரையத் தொடாத குளம்பு. யாரு வேணும்னாலும் வந்து தொட்டுப் பாருங்க. இதப் பாத்துப் பயப்படுற அளவுக்கு என் அல்லா சின்னவன் இல்ல."

பிறகு கால் மணி நேரம் பாடம் நடத்துவதைப் போலவே பேசினாள். நடுவர் வழக்கம்போல இரண்டு அணிக்கும் வெற்றி என்று மழுப்பினார்.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டு, பிளஸ் டூ வேறொருவருக்கு என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு ஹாஃபிஸா நேரே பத்தாம் வகுப்புக்குப் போனாள். கோபம் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்குள் ஜீவிதா எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க வீட்டு வெள்ளாட்டுக்குப் பாத்தேன். நாலு காலுலயும் அந்தக் குட்டிக் குளம்பு இருக்கு." உட்காரப் போனவள் திரும்பி, "எங்க மாட்டுக்கும் இருக்கு மிஸ்" என்றாள்.

இந்தத் தடவை அவள் பார்த்தது மிஸ்ஸின் முகத்தை.