மாலை அவருக்கு, விரதம் யாருக்கு?

கார்த்திகை பிறந்த மறுநாள், எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் மீன் வறுவல் வாசனை நின்றுபோனது.

தேவகி கடை மூடியிருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி, ஒரு ஸ்டவ், ஒரு இரும்புக் கல். சாயங்காலம் ஐந்து மணிக்கு நெத்திலியைக் கல்லில் போட்டால் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். வாரத்தில் நாலு நாள் அங்கே நிற்கிற ஆள் நான். டாக்டர் சொல்வது வேறு... அது இந்த வாரப் பிரச்னை இல்லை.

“உடம்பு சரியில்லையா தேவகி?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறேன். அவுரு மால போட்டுகினாரு. ஒரே ரூமு வூடு. பூஜையும் அங்கதான், மீன் கயுவுறதும் அங்கதான். மால கயட்டுற வரைக்கும் கடை வாணாம்னுட்டாரு.”

அவர் என்றால் மூர்த்தி. தேவகியின் கணவர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். சபரிமலைக்கு இந்த வருடம்தான் முதல்முறை மாலை போட்டிருக்கிறார். ஒரு மண்டலத்துக்குக் குடி கிடையாது, செருப்பு கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு லாரி வரிசையில் மணிக்கணக்காக நின்றுகொண்டு, குறுக்கே நுழைகிற டிரைவரிடம் “சாமி, கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்வது லேசான காரியமா? எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

ஆனால், மாலை போட்டது அவர். கடையை மூடியது ஏன் தேவகி?

“ஒரு மாசத்துக்கு மேல மூடிக் கெடந்தா ஜனம் வேற கடைக்குப் பயகிடும் சார். அப்பால யாரு திரும்பி வருவா?” என்றார்.

எனக்கு சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லை. கும்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்கிற பழக்கமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்துவிட்டது. ஒருவருடைய நம்பிக்கைக்கு எல்லை எது? அவர் உடம்பு வரைக்குமா, அவர் தட்டு வரைக்குமா, இல்லை... அவர் மனைவியின் அடுப்பு வரைக்குமா? அடுத்த தெரு டீக்கடை பாய் ரமலான் மாதம் முழுக்க நோன்போடு நின்று எங்களுக்கு டீ ஆற்றித் தருகிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. மூர்த்திக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியைத் தேடிப் போனேன். பக்கத்திலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் போனேன்.

“நான் எங்க சாமி கடைய மூடச் சொன்னேன்?” என்றார் அவர், என்னையும் சாமி ஆக்கி. “மால போட்டவன்தான் கட்டுப்பாடா இருக்கணும். அடுத்தவங்க அடுப்ப அணைக்கறதுக்கா மால?”

எனக்கு ஒரே சந்தோஷம். அவரே போனை எடுத்து மூர்த்தியைக் கூப்பிட்டார். “மீன் வாசன ஒத்துக்கலன்னா பட்டறைல வந்து தங்கிக்க சாமி. இங்க ஏற்கெனவே அஞ்சாறு சாமிங்க தங்கிகீறாங்க.” அன்று மாலையே மூர்த்தி துணிப்பையோடு பட்டறைக்கு வந்துவிட்டார். மறுநாள் தேவகி கடை திறந்தது.

சுதந்திரம் வாங்கிக் கொடுத்த தோரணையில் போய் நின்றேன். தேவகி தட்டை ‘டொக்’ என்று வைத்தார்.

“யாரு சார் உன்னப் பேசச் சொன்னது?”

தட்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“கண்ணாலமாயி பன்னெண்டு வருசம். சாயங்காலத்துல அவுரு தெளிவா வூட்ல குந்தி நான் பாத்ததே இல்ல. மால போட்டதுலேந்து பகல் டூட்டி வாங்கிகினு, அஞ்சு மணிக்கெல்லாம் வந்து பொண்ணுக்குக் கணக்கு சொல்லித் தந்துகினு இருந்தாரு. உனுக்குத் தெரியுமா அது? கடையும் வோணும், மனுசனும் வூட்ல வோணும்னு நான் ஒரு வயி பாத்துகினு இருந்தேன். நீ போயி ஆளக் கெளப்பி வுட்டுட்ட.”

வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். அந்தப் பெண் தனியாக நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்தவர் வாழ்க்கையை மாற்ற மூர்த்திக்கு உரிமை உண்டா என்று விசாரிக்கப் புறப்பட்டவன் நான். என் உரிமைச் சீட்டை யார் கிழித்துக் கொடுத்தார்கள்? நல்லதுதான் செய்கிறோம் என்ற நிச்சயம் வந்துவிட்டால் போதும்... பக்தனும் சரி, என்னைப் போன்றவனும் சரி, கதவைத் தட்டாமலேயே உள்ளே போய்விடுகிறோம்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வண்டியைக் காணோம். தேவகி பக்கத்து ஏரியாவான கல்மண்டபத்தில் கடை போட்டிருப்பதாக பாய்தான் சொன்னார். போனேன். தங்கை வீட்டு வாசலில் அதே ஸ்டவ், அதே கல். நெத்திலி இன்னும் புதுசு, காசிமேடு மீன் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறதே! இங்கேயே மீன் கழுவி, வறுத்து, குளித்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறாராம். பட்டறைக்குப் போய் மூர்த்தியைத் திரும்ப அழைத்து வந்ததும் இவரேதான். ஐந்திலிருந்து எட்டு வரை அவர் வீட்டில் மகளோடு இருக்கிறார்.

“மூர்த்தி ஒத்துக்கிட்டாரா?”

“சொன்னேன். சரின்னுட்டாரு. அவ்ளோதான்.”

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தேவகி?”

அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு கேட்டீங்க? மால போட்டவரும் என்னக் கேக்கல. போடாத நீயும் கேக்கல.”

பதில் சொல்லத்தான் நினைத்தேன். நல்லவேளை, வாய் நிறைய நெத்திலி.