அத்தானுக்குச் சளி பிடித்த நாள்

எங்கள் அத்தானை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. வேலை பார்க்கிற விதம் அப்படி. எந்த டீசல் வண்டி பட்டறைக்கு வந்தாலும், ஓட்டி வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் டேங்க் மூடியைத் திறந்துவிடுவார். குனிந்து, கண்ணை மூடி, மூச்சை ஒரே இழுப்பாக இழுப்பார். "மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்பார். "மூணு மாசம் சும்மா நின்ன வண்டி" என்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மீதி ஒன்றைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த மூக்கால்தான். அக்கா அப்போது ஒரு கடைக்குச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர் டேங்கை மோந்துவிட்டு, "இனிமே வேற பங்க்ல போடுங்க" என்றாராம். அக்கா அடுத்த வாரமும் அதே பங்க்கில் போட்டுக்கொண்டு அவர் பட்டறைக்கே போனாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினாலு பிள்ளைகள். கதவைத் திறந்து மூடவும், சண்டையை விலக்கவும், ஒழுகுகிற மூக்கைத் துடைக்கவும் நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். போன மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அத்தான் டேங்கைக் கழற்றிக் கழுவி, மூடிக்கு மேலே வெள்ளைப் பசையை அப்பி, "இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மழை விட்டது. வேனுக்கு வியாதி வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இருமும், உடம்பைக் குலுக்கும், இழுக்காது, அப்படியே நின்றுவிடும். தினமும் என்றாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். ஒரு நாள் நிற்கும், பத்து நாள் தங்கமாக ஓடும். நின்றதும் அக்கா போன் செய்வாள். அத்தான் ஸ்கூட்டரில் பறந்து வருவார். மூடியைத் திறப்பார், மோப்பார். "டீசல் சுத்தமா இருக்கு. எங்க, ஸ்டார்ட் பண்ணு."

ஒரே சாவியில் கிளம்பும்.

"பாத்தியா? என்னைக் கண்டா வண்டிக்கே பயம்!" என்பார். பிள்ளைகள் கை தட்டும். அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பில்டரை மாற்றினார். எங்காவது காற்று கசிகிறதோ என்று டீசல் குழாய்களையெல்லாம் புதிதாகப் போட்டார். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, தெறிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வேன் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நின்றது.

அக்கா அவள் பங்குக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஒரு நாள் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "டேங்க் நிரப்புன அன்னைக்குத்தாங்க நிக்குது. கொஞ்சமா இருந்தா ஒழுங்கா ஓடுது. பாருங்களேன்."

அத்தான் நோட்டைப் பார்க்கவே இல்லை. "வயிறு முட்டச் சாப்பிட்டா யாருக்கும் மூச்சு வாங்கத்தாம்மா செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்தான். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "இதோட ஆறு தடவை ஆச்சு. இன்னொரு தடவை வழியில நின்னா பிள்ளைங்களைப் பெரிய பஸ்ல ஏத்திடுவேன்மா. தப்பா நினைக்காதே."

அக்கா சரி டீச்சர் என்றாள். வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வேனை ஒரு மணி நேரம் கழுவினாள். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்று தெரிந்து, அங்கே மெதுவாகத் திருப்புகிறவள் அவள். ஆறு வருஷ வேலை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஊரான் வண்டியெல்லாம் ஓடுது அத்தான். வீட்டு வண்டி மட்டும் நிக்குது. நல்லாவா இருக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

மறுநாளிலிருந்து அத்தான் பட்டறையைக் காலையும் மாலையும் பூட்டிவிட்டு வேனின் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு மோப்பம். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மோப்பம். ஒரு வாரம் வேன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. "நீங்க பேசாம இங்கயே குடிவந்துடுங்க" என்றேன்.

எட்டாம் நாள் அவருக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி இல்லை; இரண்டு பக்கமும் அடைத்து, கண் சிவந்து, கழுத்தைச் சுற்றித் துண்டும் ஆளுமாக ஏறினார். காலையில்தான் அக்கா டேங்கை நிரப்பியிருந்தாள். மூடியை அவர் தொடவில்லை. "போந்து என்ன பண்ண, ஒண்ணும் தெரியப் போறதில்ல" என்றார். மோந்து என்பதுதான் அப்படி வந்தது.

சாயங்காலம், பதினாலு பிள்ளைகளோடு பாலத்து மேட்டில் ஏறும்போது வேன் இருமியது. குலுங்கியது. நின்றது.

அக்கா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "போச்சு" என்றாள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

அத்தான் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் குதித்தார். "தின்னுருச்சு! என் கண்ணு முன்னாடியே தின்னுருச்சு!"

"வேன் எதைத் தின்னுச்சு?" என்று பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடித்தார்கள். நின்னுருச்சு என்று அவர் சொன்னதாக எல்லோருக்கும் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் வேனின் பானெட்டைத் தூக்கி, டீசலை இழுக்கிற கை பம்ப்பை அமுக்கினார். அமுங்கியது மேலே எழும்பவில்லை. பில்டரின் திருகைத் தளர்த்தினார். ஒரு சொட்டு இல்லை. "டேங்க் நிறைய இருக்கு. இங்க வரல. நடுவுல யாரு பிடிச்சு இழுக்கறா?" என்று குழாயைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். கடைசியில் டேங்க் மூடியில் கை வைத்துத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்கின் தகரம் டொக்கென்று நிமிர்ந்தது.

அத்தான் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதன் மேல் வெள்ளைப் பசை. அவரே அப்பிய பசை. டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ளே காற்றே கொஞ்சம்தான். அதனால் சீக்கிரம் மூச்சு முட்டியிருக்கிறது.

"ஒவ்வொரு தடவையும் திறந்து மோந்து, நானே மூச்சு விடவெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "அதான் என்னைக் கண்டா ஓடியிருக்கு."

"மூச்சு வாங்குதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் என் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஓட்டையைக் குத்தித் திறந்தார். டீசல் ஏறியதும் கை பம்ப் விறைப்பாக நின்றது. வேன் கிளம்பியது. பத்தே நிமிஷம்தான் தாமதம். ஆனாலும் ஏழாவது தடவை ஏழாவதுதான்.

மறுநாள் காலை, நாங்கள் சொல்லாமலேயே, அத்தான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அந்த மூடியைக் கையில் பிடித்தபடி பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றார். அக்காவும் நானும் பின்னால் நின்றோம்.

"நேத்தும் நின்னுது டீச்சர். குத்தம் வண்டியோடது இல்ல, ஓட்டுறவளோடதும் இல்ல. இந்த ஓட்டையை அடைச்சது நான். இவ ரெண்டு மாசமா நோட்டு போட்டுச் சரியாத்தான் சொன்னா. நான் காதுல வாங்கல."

பெரிய டீச்சர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே நிக்காதில்ல?"

"நின்னா என்னை அந்தப் பஸ்ல ஏத்துங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடியை அத்தானிடம் கொடுக்காமல் அக்காவிடம் கொடுத்தார். "பிள்ளைங்க உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

வெளியே வந்து அக்கா மூடியை நீட்டினாள். அத்தான் டேங்கை மூடப் போனார். சளி கொஞ்சம் விட்டிருந்தது போல; பழக்க தோஷத்தில் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மோந்துக்கட்டுமா?"

"மோந்துக்கோங்க" என்றாள் அக்கா.