தம்பியை விசாரிக்க இத்தாலியன் படித்தேன்

ஆறு பாஷையில் வியாபாரம் பேசுகிறவன் நான். தாராவியில் தோல் பை விற்கும் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். படியேறி வருகிறவரின் செருப்பைப் பார்த்தே எந்தப் பாஷையில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்துவிடுவேன். எதையும் பள்ளியில் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு சரி. எல்லாம் வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். "நரம்பில்லாத நாக்கு வே உமக்கு, எந்தப் பக்கமும் மடங்கும்" என்பார் எங்கள் கடையில் ஸிப் தைக்கிற அண்ணாச்சி.

அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாள் ஒன்று வந்தது.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது அடுப்பு முன்னாலேயே விழுந்துவிட்டான். கப்பல் கம்பெனியின் மும்பை ஏஜெண்ட் கடைக்கே போன் செய்தார். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றார். கடைசியில், "சீரியஸ் ஹை, லேகின் ஸ்டேபிள் ஹை" என்றார், சீரியஸ்தான், ஆனால் மோசமாகாமல் நிலையாக இருக்கிறான் என்று.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஸ்டேபிள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குச் சீரியஸ் மட்டும்தான் காதில் விழும். காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து சாவுச் செய்தியை நேராகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ரயிலில் ஒண்ணரை நாள் வரவேண்டியவன் வழியெல்லாம் கதறக்கூடாது என்று, "சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்பார்கள். கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி டிக்கெட் எடுப்பான். தாராவியில் எங்கள் சந்தில் ஒருவர் வாயிலிருந்து சீரியஸ் என்று வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

நானும் செய்திருக்கிறேன். அப்பா போனபோது கப்பலில் இருந்த தம்பியிடம் "அப்பாவுக்கு சீரியஸ்டே, லீவு கேளு" என்றுதான் சொன்னேன். அவன் விமானத்திலிருந்து இறங்கி, என் மொட்டைத் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதன்பிறகு அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டோம்பிவிலியில் இருக்கிற தம்பி பெண்டாட்டியிடம் நான் போய்ச் சொன்னபோது அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அத்தான், சீரியஸ்னா என்ன சீரியஸ்?"

"நெசமாவே சீரியஸ், தாயி. ஆஸ்பத்திரியில இருக்கான்."

"நீங்களும் அப்படித்தான சொல்லுவீய."

அன்றிலிருந்து அவள் தலையில் பூ வைக்கவில்லை. பில்டிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஏஜெண்ட் தினமும் ஸ்டேபிள் என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார். தம்பியின் போன் அணைந்தே கிடந்தது. நாலாம் நாள் ஏஜெண்டும் போனை எடுக்கவில்லை. அன்றுதான் எனக்கே சந்தேகம் வந்தது. இந்தியில் சொன்னாலும் அவரும் நம்ம வழக்கப்படிதான் சொல்லியிருப்பாரோ என்று.

ஆஸ்பத்திரி வார்டின் நம்பர் ஏஜெண்ட் அனுப்பிய காகிதத்தில் இருந்தது. அவர்கள் நேரப்படி மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை, நமக்கு நாலரையிலிருந்து ஐந்தரை வரை, சொந்தக்காரர்களோடு மட்டும், அதுவும் இத்தாலியனில் மட்டும் பேசுவார்களாம். போனில் வீடியோ பார்த்து நாலு சொல் பழகிக்கொண்டு கூப்பிட்டேன். கடையில் கூப்பிடுகிற வேகத்தில் கடகடவென்று சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். நான் திரும்பவும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவள் இன்னும் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைகிட்ட கேளும் வே. லேப்டாப் பைக்கு ரெண்டு தரம் ஸிப் மாத்துச்சே, மாட்டுங்காப் புள்ளை."

மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ஐரோலிப் பக்கம் ஓர் ஆபீஸில் இத்தாலிய வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கிற வேலை. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்து வாசிக்கத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவளே வார்டுக்குப் போன் செய்தாள். நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அவர்களும் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் அவளுக்கு ஷிஃப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆறு மணி டீ பிரேக்கில்தான் திறக்கலாம்.

"அப்போ நீங்கதான் பேசணும் அண்ணா. மூணு நாள்ல முடியும். எங்கே, சொல்லுங்கோ பாப்போம்."

சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நீங்க பை விக்கற மாதிரியே கேக்கறேள் அண்ணா. அவாளுக்கு வாங்கறதா வேண்டாமான்னு தோணும்."

பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணன் என்பதற்கும் தம்பி என்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்லாம்: ஃப்ரதெல்லோ. நான் அதை ஃப்ரடேலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த ட வேண்டாம் அண்ணா. இங்கிலீஷ்ல பழகின ட. நாக்கை மேலே தூக்காதேங்கோ, பல்லுல வையுங்கோ. தண்ணி, தயிர், தம்பி. அந்த த." பிறகு ல். "நெல்லைன்னு சொல்றப்போ ல்-ல ஒரு நொடி நிக்கறேளோல்லியோ, அப்படி நில்லுங்கோ. நிக்காம ஓடினா அவாளுக்குப் புரியாது." நம் வாயிலேயே எல்லாம் இருக்கிறது, நான்தான் இங்கிலீஷ் பெட்டியில் தேடியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை அன்று முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

காலையில் அவள் வாட்ஸ்அப்பில் குரலை அனுப்புவாள். நான் திருப்பிச் சொல்லி அனுப்புவேன். நான் அண்ணன் பேசுகிறேன். தம்பியின் பெயர், பிறந்த தேதி. மெதுவாகச் சொல்லுங்கள், தயவுசெய்து: ப்யூ ப்யானோ, பெர் ஃபவோரே. சாயங்காலம் சயான் ஸ்டேஷனில் ஏறி டோம்பிவிலி போகும்போது ரயில் கதவோரம் நின்று முணுமுணுப்பேன். ஒரு மராட்டிக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ன ஸ்தோத்திரம் என்றார். இத்தாலியன் என்றேன். "தேவ் தோச்" என்றார், அதே சாமிதான் என்று. யார் சொன்னாலும் நல்ல வார்த்தையை விடுவதில்லை நான். அதை மனசில் முடிந்துகொண்டேன்.

எப்படி இருக்கிறான் என்ற கேள்வியையும் சொல்லித்தந்தாள். அதை நான் வேண்டாம் என்றேன். எப்படி என்று கேட்டால் ஸ்டேபிள் என்று சொல்லிவிடுவார்கள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவேண்டும்.

அவளிடமிருந்து இரண்டே சொல் வந்தது: எ வீவோ?

அதற்கு நான் திருப்பி அனுப்பவில்லை. மற்றதையெல்லாம் அனுப்பினேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். வாய் திறந்தால் நாக்கு பல்லுக்குப் போகாமல் சுருண்டது. உயிரோடு இருக்கிறானா என்று கூடப்பிறந்தவனைப் பற்றிக் கேட்பது எங்களிடையே வாயில் வரக்கூடாத பேச்சு. சொன்னால் பலித்துவிடும் என்று அம்மா வாயிலேயே அடிப்பாள். இரண்டு நாள் அந்தக் குரலைக் கேட்பதும் போனை வைப்பதுமாக இருந்தேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "தெரியாத பாஷை வே. எமனுக்கும் புரியாது. சும்மா சொல்லும்" என்றார்.

சொன்னேன். மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. அண்ணாச்சி மிஷினை ஓட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே டோம்பிவிலி போனேன். கடையிலிருந்தே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வந்து சொல்லாண்டாம் அத்தான். எங்காதுல கேக்கணும்" என்றுவிட்டாள். இரண்டு பேரும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தோம். ஸ்பீக்கரைப் போட்டேன். மணி அடிக்க அடிக்க எனக்குப் படித்ததெல்லாம் மறந்துகொண்டே வந்தது.

ஒரு பெண் எடுத்தாள். வணக்கம் சொன்னேன். நான் அண்ணன் என்றேன். நாக்கைப் பல்லில் வைத்தேன், ல்-லில் நின்றேன். "ஆ, இல் ஃப்ரதெல்லோ" என்றாள் அவள். என் வாயில் வந்த சொல் கடல் தாண்டி ஒருத்தி வாயில் திரும்பி வந்துவிட்டது. பெயரும் தேதியும் சொன்னேன். அவள் மடமடவென்று ஏதோ கொட்டினாள். மெதுவாக, தயவுசெய்து என்றேன். நிறுத்தினாள்.

"எ வீவோ?" என்றேன்.

"ஸீ" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்க, "ஸீ, ஸீ."

ஆமாம் என்பதற்கு அதுதான் என்று படித்திருந்தேன். "இருக்கான் தாயி" என்றேன்.

"நீங்களாச் சொல்லுதீயளா, அவ சொல்லுதாளா?"

அதற்குள் அந்தப் பெண் எனக்குத் தெரியாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள். இணைப்பு அறுபடவில்லை. காலடிச் சத்தம், சக்கரம் உருளும் சத்தம், எங்கேயோ ஒருவர் இருமுவது. டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறாளா, உண்மையைச் சொல்ல வேறு ஆளைத் தேடுகிறாளா என்று மனம் எல்லாப் பக்கமும் ஓடியது. தம்பி பெண்டாட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறகு போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமான, கனத்த ஓர் ஓசை. "ண்... ண்ணே."

அவள் பின்னால் நகர்ந்தாள். "இது அவிய கொரல் இல்ல."

எனக்கும் இல்லை என்றுதான் தோன்றியது. பக்கத்துப் படுக்கைக்காரர் யாரையாவது பிடித்துப் பேசச் சொல்லியிருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். பயத்துக்கு ஏது அறிவு. அவள் போனை என் கையிலிருந்து வாங்கினாள். குரல் நடுங்காமல் கேட்டாள்:

"நம்ம பாத்ரூம் கொழாயி எந்தப் பக்கம் திருவுனா தொறக்கும்?"

அந்தக் குழாயைத் தம்பி லீவில் வந்தபோது மாட்டினான். எந்தப் பக்கமாக மாட்டினான் என்று எனக்குத் தெரியாது. இத்தாலியில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. போனில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கோணிய வாயால் ஒருவன் சிரிக்கப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

"வ... வல..." என்றது. "தப்... தப்பா."

"ஆமா" என்றாள் அவள். "தப்பாத்தான் மாட்டுனீய."

அப்புறம்தான் அழுதாள். நைட்டியின் கையால் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்காத மாதிரி.

நர்ஸ் போனைத் திரும்ப வாங்கி, நிறுத்தி நிறுத்தி, நீளமாக ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. "நொன்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. இல்லை என்று அர்த்தம். ரெக்கார்டு செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி சொல்லி வைத்தேன்.

"கடைசியா அந்தம்மா என்ன சொன்னா அத்தான்?"

சீக்கிரம் சரியாகிவிடும் என்றாள், கவலைப்படாதே என்றாள் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. இருபது வருடப் பழக்கம்.

"புரியல தாயி" என்றேன்.

கேட்ட ஓசைகளை மறக்குமுன் கரண்ட் பில்லின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதினேன். லா மானோ, தெஸ்த்ரா, நொன், அன்கோரா. எழுதியதைக் குரலாகச் சொல்லி மாட்டுங்காப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு, ஆறு மணி டீ பிரேக் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எது இல்லை என்பது தெரியாமல் உட்கார்ந்திருப்பது, இருக்கிறானா என்று தெரியாததைவிடக் குறைந்த பயமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

ஆறே காலுக்குப் பதில் வந்தது. கேட்டுவிட்டு, ஒரு சொல்லையும் மழுப்பாமல் அவளிடம் சொன்னேன். வலது கை இன்னும் அசையவில்லை என்கிறார்கள். இன்னும் என்றுதான் சொல்கிறார்கள், அசையாது என்று சொல்லவில்லை.

அவள் அந்த இன்னும் என்ற சொல்லை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

"கரண்டி பிடிக்கிற கை, அத்தான்."

"ஆமா தாயி" என்றேன்.