பீங்கான் பாவாடை

பழவேற்காட்டை அடுத்த மீனவக் கிராமமான கோட்டைக்குப்பத்துச் செல்வராணி ஆறு வருடமாகப் பொன்னேரியில் மனோரமா டீச்சர் வீட்டில் வேலை செய்கிறாள். கப்பலில் வேலை பார்த்த டீச்சரின் கணவர், இறப்பதற்கு முன் ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த பீங்கான் நாட்டியக்காரி பொம்மை அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. டீச்சருக்கு அது உயிர்.

ஒரு நாள் தூசி துடைக்கும்போது பொம்மையின் லேஸ் பாவாடை ஓரம் பொடிந்து விழுந்தது.  செல்வராணி துணுக்குகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு டீச்சர் இருந்த சமையலறைக்குப் போனாள்.

"டீச்சர், ஒடச்சிட்டேன். மெதுவாத்தான் தொடச்சேன். வேலய வுட்டு நிறுத்திடாதீங்க."

டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா அழுவுற? நெஜ லேஸைப் பீங்கான் கூழ்ல முக்கி, பொம்மைக்குச் சுத்தி, சூளையில வைப்பாங்க. நூல் எரிஞ்சிடும், மேல ஒட்டுன பீங்கான் மட்டும் நிக்கும். மூச்சு பட்டாலே உதிரும். அவரு கொண்டாந்தப்பவே பெட்டிக்குள்ள கொஞ்சம் உதிர்ந்துதான் கெடந்துச்சு."

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மையைக் குனிந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து வலை பின்னியவள் அவள்.

"நூலு போயி வலைக் கண்ணு மட்டும் நிக்குதா? இன்னா வேலை டீச்சர் இது!"

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பழவேற்காடு வரும்வரை அசந்து தூங்கினாள்.